காலில் வரைந்த நீலக் கோடு

காய்ச்சல் தொடங்கியபோது நான் வயலுக்குள் நின்றேன். மழைக்காலத்துக் காலபோக நெல் விதைத்து முடிந்திருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தபடி இருந்ததால் கண்டாவளை வயல்களில் தண்ணீர் வடியவே இல்லை. நெல்லை முந்திக்கொண்டு கோரை வளர்ந்திருந்தது. நானும் மாமியும் குனிந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். மாமி என் கணவரின் தாய். கணவர் கொழும்பில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

மேகம் விலகி வெயில் வந்த நேரத்தில் எனக்குக் குளிரத் தொடங்கியது. தண்ணீருக்குள் தெரிந்த என் முகம் நடுங்கியது. காற்றடிக்கிறது என்று நினைத்தேன். பார்த்தால் நெல் ஒன்றும் அசையவில்லை. தூரத்து வரம்பில் கொக்குகள் நின்றன. உயிரோடு நிற்கின்றனவா, யாரோ வெள்ளையால் வரைந்து வைத்தார்களா என்று தெரியாத அளவுக்கு எல்லாம் அமைதியாக இருந்தது. எனக்கு மட்டும் பல் அடித்துக்கொண்டது.

"மாமி, எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. வீட்ட போறன்."

மாமி நிமிராமலே, "போ பிள்ளை. பானைக்குள்ள கஞ்சி கிடக்கு" என்றார்.

எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். சண்டை என்று ஒன்று இருந்ததில்லை. நான் வவுனியாப் பக்கத்தில் பிறந்தவள். என் தாத்தாமார் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து வன்னிக் காட்டோரத்தில் குடியேறியவர்கள். மாமியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து காணி பெற்ற குடும்பம். இரண்டு வீட்டாரும் வந்து குடியேறியவர்கள்தான். வந்த வழிதான் வேறு. கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெண், "எங்கட ஆக்கள் இல்லையே" என்று மாமியின் காதோடு சொன்னதை நான் மணவறையில் இருந்தே கேட்டேன். மாமி அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆமோதித்தாரா, அலட்சியம் செய்தாரா என்று எனக்கு விளங்கவில்லை. வந்த நாளிலிருந்து அந்த மௌனத்துக்குப் பக்கத்தில்தான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பாயைப் போட்டுப் படுத்தேன். போர்த்த துணி போதவில்லை. மாமியின் பழைய சேலை ஒன்றையும் எடுத்துப் போர்த்தேன். அதில் வெயிலும் சவர்க்காரமும் மணத்தன. கூரைத் தகரத்தில் மழை மறுபடி விழத் தொடங்கியது. தகரம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. நான் ஒரு குளத்தின் அடியில் படுத்திருப்பதாகவும், மேலே யாரோ அரிசி கழுவி அந்தத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றுவதாகவும், அந்த வெள்ளை மெல்ல மெல்லக் கீழே இறங்கி என் கண்ணை மூடுவதாகவும் தோன்றியது. பயமே இல்லை. இப்படியே கிடந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

இடது கால் மட்டும் அந்தக் குளத்துக்குள் இல்லை. அது அடுப்புக்குள் இருந்தது.

பக்கத்து வளவுப் பெண் தேங்காய் துருவத் திருவலை கேட்டு வந்தார். என்னைக் கண்டு உள்ளே வந்து, போர்வையை விலக்கிப் பார்த்து, வாயில் கையை வைத்தார். கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை கால் சிவந்து, பளபளத்து, வீங்கிப் போயிருந்தது.

"ஐயோ, யானைக்கால் வருத்தமோ பிள்ளை? மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசு. கண்ணூறாவும் இருக்கும். பின்னேரம் வந்து சுத்திப் போடுறன்."

அவர் வேப்பிலை பிடுங்கப் போய்விட்டார். மஞ்சளின் குளிர்ச்சியை நினைத்தபடி நான் மீண்டும் குளத்துக்குள் இறங்கினேன்.

கண் திறந்தபோது மாமி காலடியில் குந்தியிருந்தார். சேறு காயாத கைகளைச் சேலையில் துடைத்துவிட்டு, புறங்கையால் என் காலைத் தொட்டார். தொட்ட கையைச் சட்டென்று எடுத்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். சின்ன விரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் சேற்றுப்புண் இருந்தது. வெள்ளையாக ஊறி, நடுவில் சின்னதாக ஒரு வெடிப்பு. அது எல்லாருக்கும் மழை நாளில் வருவதுதான். நான் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

"இதாலதான் உள்ளுக்குப் போயிருக்கு" என்றார் மாமி, தனக்குத்தானே. பிறகு என் முகத்தைப் பார்த்து, "தொடை இடுக்கில நெறி கட்டியிருக்கோ?" என்று கேட்டார்.

தடவிப் பார்த்தேன். உருண்டையாக ஒன்று நொந்தது. "ஆமா" என்றேன்.

மாமியின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் "ஓம்" என்றுதான் சொல்லிப் பழகியிருந்தேன். காய்ச்சல் என்னைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டு போய்விட்டது. மாமி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவரது முகத்தில் நான் முன்பு காணாத ஒன்றைக் கண்டேன். கோபம் போல இருந்தது. ஆனால் என்மீது இல்லை.

"எழும்பு பிள்ளை. வெளிக்கிடு. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"நாளைக்குப் பாப்பம் மாமி. ஒரு பனடோல் போட்டா..."

"நாளைக்கு எண்ட கதை வேண்டாம்."

வேப்பிலையோடு திரும்பிய பக்கத்து வளவுப் பெண் வாசலில் நின்று, "இந்த மழைக்க எங்க கொண்டு போறீங்கள்? பூசிப் பாப்பமே" என்றார். மாமி சேலையை மாற்றிக்கொண்டு, தெருவுக்குப் போய் ஓட்டோ ஒன்றைக் கூட்டி வந்தார்.

அந்தப் பயணம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஓரிடத்தில் தெருவை மூடிக்கொண்டு குறுக்கே தண்ணீர் ஓடியது. ஓட்டோக்காரர் நிறுத்திவிட்டு, "அம்மா, எஞ்சினுக்குத் தண்ணி போயிரும் போலக் கிடக்கு" என்றார். மாமி இறங்கி, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீருக்குள் முன்னால் நடந்தார். தண்ணீர் கெண்டைக்காலுக்கு மேலே வரவில்லை. நடுவில் நின்று திரும்பி, "இவ்வளவுதான் தம்பி. வாங்கோ" என்று கையைக் காட்டினார். ஓட்டோ மெல்ல அவருக்குப் பின்னால் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் வயலும் வானமும் ஒரே நிறம். அந்த நிறத்துக்கு நடுவே மாமி தண்ணீரின் மேல் நடந்து போவதாக எனக்குத் தெரிந்தது. கோயில் தேருக்கு முன்னால் போகிற ஆள் போல, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஓர் இளம் பெண் டொக்டர். சிங்களப் பிள்ளை. தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். "இங்க நோவா? இங்க? இதுவும் நோவா?" என்று விரல் நுனியால் அழுத்திக்கொண்டே மேலே வந்தார். சிவப்பு முடிகிற இடத்தில் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தச் சிவப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். நீலக் கோடு. குளிர்ந்த பேனா முனை காலைச் சுற்றி வந்தது மட்டும் எனக்கு இதமாக இருந்தது.

"இது செலுலைட்டிஸ் அம்மா" என்று மாமியிடம் சொன்னார். "தோலுக்குக் கீழ கிருமி போயிருக்கு. வாட்டுல நிக்க வேணும். நரம்பால மருந்து குடுப்போம். இந்தக் கோட்டுக்கு வெளிய சிவப்பு போகுதா, உள்ளுக்கு வருதா எண்டு பாப்போம்."

பிறகு என்னிடம் கேட்டார். "பென்சிலின் ஒத்துக்கொள்ளாதா? முந்தி ஊசி போட்டு உடம்பு தடிச்சிருக்கா? மூச்சு முட்டியிருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதில் ஏதோ மருந்து குடித்து உடம்பெல்லாம் தடித்த நினைவு ஒன்று இருந்தது. அது மருந்தாலா, முசுறு எறும்பாலா, கனவா என்று சொல்ல முடியவில்லை. டொக்டர் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

"தாய்க்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் மாமி. என் பையைத் திறந்து கைத்தொலைபேசியை எடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு மாமியும் என் அம்மாவும் கதைத்ததே இல்லை. வருடப் பிறப்புக்கு அம்மா எடுத்தாலும் மாமி, "சுகமாம் எண்டு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார். அன்று அவரே எண்ணை அழுத்தி, காதில் வைத்து, சத்தமாகப் பேசினார்.

"ஓம், நான்தான். கிளிநொச்சியில இருந்து. பயப்பிடாதேங்கோ. பிள்ளைக்குக் காலில கிருமி ஏறியிருக்கு. ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறம். ஒண்டு சொல்லுங்கோ, பென்சிலின் ஊசி இவளுக்கு ஒத்துவருமோ?"

அம்மா அந்தப் பக்கம் பதறியது எனக்கே கேட்டது. மாமி பொறுமையாக மறுபடி கேட்டார். அம்மாவின் குரல் வந்தது. "அது ஒண்ணும் ஆகாதுங்க. சின்னதுல தொண்ட வீங்கினப்ப அந்த ஊசிதான் போட்டாங்க. ரெண்டு மூணு தடவ போட்டாங்க. உடம்பு தடிச்சது கொய்யா மரத்துல ஏறி முசுறு கடிச்சுங்க. அதுக்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்ல."

"முசுறுதானாம்" என்று மாமி டொக்டரைப் பார்த்துச் சொன்னார். டொக்டருக்கு முசுறு என்றால் என்னவென்று தெரியவில்லை. மாமி தன் கையிலேயே இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார்.

தாதியைப் பெண்கள் வாட்டில் எல்லாரும் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிட்டார்கள். மிஸ்ஸி என் புறங்கையில் ஊசிக்குழாயைப் பொருத்தி, குளொக்சசிலின் என்ற மருந்தை மெல்ல மெல்ல உள்ளே தள்ளினார். நரம்பு நீளத்துக்கும் எரிந்துகொண்டு போயிற்று. காலின் கீழ் இரண்டு தலையணைகளை அடுக்கி உயர்த்தி வைத்தார்கள். காலைக் கீழே தொங்கவிடக் கூடாது என்றார்கள். நான் கட்டிலில் மல்லாந்து கிடந்து, தலையணை மேல் இருந்த என் காலைப் பார்த்தேன். அது வேறு யாருடையதோ போல இருந்தது. என்னைவிடப் பெரியதாக, சிவந்து, நீலக் கரை போட்டுக்கொண்டு.

காய்ச்சல் கூடியும் குறைந்தும் போக, வாட்டு நகரத் தொடங்கியது. கட்டில்கள் எல்லாம் தண்ணீரில் கட்டாமல் விட்ட தோணிகளாயின. மேலே மின்விசிறி சுற்றச் சுற்ற நாங்கள் ஒருவரையொருவர் இடிக்காமல் மெல்ல இடம் மாறிக்கொண்டிருந்தோம். எதிர்க் கட்டில் அம்மா ஒரு நேரம் என் பக்கத்தில் இருந்தார். இன்னொரு நேரம் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். நான் ஆசிரியையாக இருக்கும் முன்பள்ளியின் பிள்ளைகள் வரிசையாக வந்து என் கையிலிருந்த குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அவர்களுக்குப் படிப்பிக்கும் பாட்டை அவர்கள் எனக்குப் பாடினார்கள். ஒரு சொல்லும் கேட்கவில்லை, வாய்கள் மட்டும் அசைந்தன. ஒவ்வொரு முறை மருந்து ஏறும்போதும் அந்த எரிவு ஒரு கயிறாக வந்து என் தோணியைக் கரைக்கு இழுத்தது. கரையில் எப்போதும் மாமி இருந்தார். பிளாஸ்ரிக் கதிரையில், முதுகு சாயாமல்.

மறுநாள் காலை சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது.

அதை முதலில் கண்டது மாமிதான். போர்வையை விலக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றார். நீலக் கோட்டுக்கு மேலே, ஒரு விரற்கடை அளவுக்குச் சிவப்பு ஏறி நின்றது. மாமி வெளியே போனார். டொக்டரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். எப்படி அவரை மற்றக் கட்டில்களிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை.

"கோடு தாண்டிட்டுது டொக்டர். பாருங்கோ. மருந்து வேலை செய்யேல்லை."

டொக்டர் குனிந்து பார்த்தார். காய்ச்சல் குறித்து வைத்த அட்டையைப் பார்த்தார். என் தொடை இடுக்கை அழுத்திப் பார்த்தார். "நேத்து விட நோவு குறைவா?" என்று என்னைக் கேட்டார். யோசித்தேன். "ஓம், கொஞ்சம் குறைவு" என்றேன்.

"அம்மா, முதல் நாள் கொஞ்சம் கூடும். அது வழமை. கிருமி சாகிற நேரத்திலயும் சிவப்பு நிக்கும். காய்ச்சல் இறங்குது. இன்னொரு நாள் பொறுங்க. அதுக்கும் குறையாட்டி மருந்தை மாத்துவோம்."

"நல்ல மருந்துதானே இது? மருந்து இல்லையெண்டு வேற ஏதும் குடுக்கேல்லையே?"

இந்தக் கேள்வி டொக்டருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. மிஸ்ஸிக்கு விளங்கியது போல. அடுத்த தடவை மருந்து ஏற்ற வந்தபோது, அவர் வெள்ளைத் தூள் இருந்த சின்னப் போத்தலை மாமியின் முகத்துக்கு நேரே பிடித்து, "பாருங்கோ அம்மா, உங்கட கண்ணுக்கு முன்னாலதான் உடைக்கிறன்" என்று சொல்லி, மூடியை எடுத்து, தண்ணீர் விட்டுக் குலுக்கிக் காட்டினார். தூள் கலங்கித் தெளிந்தது. மாமி அதை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். மருந்து முழுவதும் ஏறி முடிந்த பிறகு, வெறும் போத்தலைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் பெரிய மழை பெய்தது. கரண்ட் போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போய், வாட்டு அடங்கிக் கிடந்தது. யன்னல்களில் மட்டும் சாம்பல் வெளிச்சம். நான் தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. கண்ணிமைக்குள் நெல் வயல் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போது மாமி கதைக்கத் தொடங்கினார். யாரோடு கதைக்கிறார் என்று தெரியவில்லை. என் பக்கம் பார்த்துக்கூட இருக்கவில்லை.

"அவளுக்குக் கீறல்தான். தகரம் கீறினது. பங்கர் வெட்டி மூடுறதுக்குத் தகரம் தூக்கேக்க முழங்காலுக்குக் கீழ கீறிப்போட்டுது. சின்னக் கீறல். அவளே அதைப் பாக்கேல்லை."

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பெண்பிள்ளையின் படம் தொங்கியது. இரட்டைப் பின்னல், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. என் கணவரின் அக்கா. சண்டைக்குள் செத்துப் போனவர் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னால் இங்கே யாரும் மேலே கேட்பதில்லை. செல் குண்டு விழுந்து செத்திருப்பார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"சண்டைக்க இடம்பெயர்ந்து உடையார்கட்டுப் பக்கம் இருந்தனாங்கள். மூண்டாம் நாள் கால் சிவந்து வீங்கிட்டுது. உன்ரை மாதிரித்தான். இதே மினுக்கம். பிறகு சிவப்பு நூல் மாதிரி ஒரு கோடு தொடைக்கு ஏறினது. மரத்துக்குக் கீழ மருந்து கட்டுறாங்கள் எண்டு சொல்லிச்சினம். தூக்கிக்கொண்டு போனன். வரிசை. எனக்கு முன்னால ஒருத்தர் வயித்தைப் பொத்திக்கொண்டு இருந்தவர். ஒரு தாய், கை இல்லாத பிள்ளையோட. நான் என்ரை பிள்ளையின்ரை கீறலைக் காட்டி என்னெண்டு கேக்கிறது? விலத்தி நிண்டன். எல்லாரும் முடிய ஒரு டொக்டர் வந்து பாத்தவர். நல்ல மனிசன். 'அம்மா, இதுக்கு மருந்து இருக்கு. எங்களிட்டைத்தான் இல்லை' எண்டவர். அப்பிடித்தான் சொன்னவர்."

மழை யன்னல் கண்ணாடியில் வழிந்தது. மாமியின் குரலும் அதுபோலவே ஒரே சீராக, நில்லாமல், அழுகை இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"உப்புத் தண்ணியால கழுவினன். வேப்பிலை கட்டினன். என்ன செய்யாமல் விட்டன்? அவள் கடைசியில சிரிச்சுக்கொண்டு கிடந்தாள். காய்ச்சலில. 'அம்மா, நான் தோணியில போறன்' எண்டாள்."

எனக்கு எழுந்து மாமியின் கையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. கை நகரவில்லை. தோணி என்ற சொல் எனக்குள் போய் எங்கோ முட்டிக்கொண்டு நின்றது. நானும் தோணியில்தான் இருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லக் கூடாது என்றும் நினைத்தேன். பிறகு மழைச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

விடிந்தபோது எனக்கு வியர்த்திருந்தது. தலைமயிர், சட்டை எல்லாம் நனைந்து, உடம்பு லேசாக இருந்தது. பசித்தது. மாமி ஏற்கனவே எழும்பி, போர்வையை விலக்கி, காலுக்கு மேல் குனிந்திருந்தார்.

"பிள்ளை, இஞ்ச பார்."

சிவப்பு கோட்டுக்கு உள்ளே வந்திருந்தது. நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையில் என் சொந்த நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. பளபளப்புப் போய், தோல் பழைய பேரீச்சம்பழம் போலச் சுருங்கியிருந்தது. டொக்டர் வந்து அந்தச் சுருக்கத்தைத் தொட்டுப் பார்த்து, "நல்லம், நல்லம். வீக்கம் இறங்கினாத்தான் இப்படிச் சுருங்கும்" என்றார். மாமி அவரது இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். டொக்டர் கையை விடுவித்துக்கொள்ள அவசரப்படவில்லை. பிறகு மாமி சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மத்தியானம் அம்மா வந்தார். வவுனியாவிலிருந்து பஸ்ஸில், குடை, பை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றோடும். என்னைக் கண்டதும் அழுதார். பிறகு மாமியைக் கண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். கோதுமை ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். மாமி உறைப்பாகச் சாப்பிடுவார்தான். ஆனாலும் அம்மாவின் சம்பலுக்கு அவரது கண்ணில் தண்ணீர் வந்தது.

"காரம் கூடிப்போச்சுங்களா?"

"இல்லை, நல்லாயிருக்கு. இன்னும் ஒண்டு தாங்கோ."

இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். அம்மா என் சின்ன வயதுக் காய்ச்சல்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமி தலையாட்டிக் கேட்டார். கொய்யா மரத்து முசுறுக் கதையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். என் தலைக்கு மேலால் அந்தக் குரல்கள் இங்கும் அங்கும் போய்வந்தன. ஒரு பக்கம் "ஆமாங்க", மறுபக்கம் "ஓமோம்". அதைக் கேட்டபடியே நான் தூங்கிப் போனேன். அந்தத் தூக்கத்தில் கனவே இல்லை.

சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி மருந்துக்குப் பதில் விழுங்குவதற்குக் கூட்டுக் குளிசைகள் தந்தார்கள். சாப்பாட்டுக்கு முன், வெறும் வயிற்றில் போட வேண்டும். விரலிடுக்குக்குப் பூச ஒரு கிறீம். அது புண் ஆறும்வரை சேற்றில் கால் வைக்கக் கூடாது. கால் தேறிய பிறகும் குளிசையை இடையில் நிறுத்தக் கூடாது என்று டொக்டர் என்னிடம்தான் சொன்னார். ஆனால் வாங்கிக் காதில் போட்டுக்கொண்டது மாமி.

ஒரு கிழமைக்குள் கால் பழையபடி ஆகிவிட்டது. தோல் மட்டும் மெல்லிய தாள் போல உரிந்தது. குளிசை வயிற்றைப் புரட்டியது. ஒரு காலை, "கால் நல்லாத்தானே இருக்கு மாமி, காணும், நிப்பாட்டுவம்" என்றேன். மாமி தண்ணீர்ச் செம்போடு நின்றார். "நல்லா இருக்கேக்கதான் போடவேணும். போடு." நான் போடும்வரை போகவில்லை. அந்த நாட்களில் களையை அவர் தனியாகவே பிடுங்கினார். நான் வரம்பில் கதிரை போட்டு, காலை இன்னொரு கதிரையில் நீட்டிக்கொண்டு இருப்பேன். தெருவால் போகிறவர்கள், "என்ன, மருமகளுக்கு ராசாத்தி மாதிரிக் கதிரை போட்டுக் குடுத்திருக்கிறியள்?" என்று கேட்டால், மாமி நிமிர்ந்து, "ஓம், அவள் இருக்கட்டும்" என்பார்.

குளிசைகள் முடிந்த பிறகு ஒரு நாள், குசினியில் அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். பல நாள் மனதுக்குள் வைத்திருந்த கேள்வி.

"மாமி, அண்டைக்கு மழைக்க, கரண்ட் போன நேரம், நீங்கள் என்னோட கதைச்சனீங்களோ? இல்லாட்டி நான் கனவு கண்டனோ?"

கத்தி நின்றது. மாமி வாசலுக்கு வெளியே பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, நனைந்த முற்றமும் ஒரு கோழியும் மட்டும்.

"நீ நித்திரை எண்டு நினைச்சுத்தான் சொன்னனான்" என்றார். கத்தியை மறுபடி அழுத்தி, "இவனுக்கும் முழுக்கத் தெரியாது. அப்ப சின்னன்" என்றார். இவன் என்றது என் கணவரை.

"அவருக்குச் சொல்ல மாட்டன்."

"சொல்லு. அவன்ரை அக்காதானே."

மீனைக் கழுவி, மஞ்சளும் உப்பும் பிரட்டி வைத்தார். பிறகு நான் ஒன்றும் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். சாவைப் பற்றி இல்லை. மகள் தவளைக்குப் பயப்படுவாளாம். கிணற்றடியில் ஒரு தவளை இருந்தால் குளிக்காமலே திரும்பி வந்துவிடுவாளாம். கணக்கு வராதாம், ஆனால் வகுப்பில் எல்லாருடைய பிறந்தநாளும் மனப்பாடமாம். விசில் அடிப்பாளாம். பெண்பிள்ளை விசில் அடிக்கக் கூடாது என்று தகப்பன் ஏசினால், மாட்டைக் கூப்பிட்டேன் என்பாளாம்.

"என்ன மாடு? எங்களிட்டை அப்ப மாடே இல்லை" என்று மாமி சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகையத் தொடங்கிவிட்டது. "மீனைப் போடு பிள்ளை, கருகப்போகுது" என்றார். நான் சட்டியில் மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். அவர் எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்தப் பிள்ளை ஒரு தடவை பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் தப்பான பக்கம் ஓடிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.